இரண்டாவது காது

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்,
3.2.2026

ஜம்புவுக்கு,

நீயும் உன் பெண்டாட்டியும் நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரிக்க இதை எழுதவில்லை. உன் நம்பரை என் வீட்டுக்காரர் என் போனிலிருந்து எடுத்துவிட்டார். எடுக்காவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்தபடி கத்திவிடுவேன், பக்கத்து வீட்டு மங்களம் மாமிக்கு ரொம்ப நல்ல காது. அதனால்தான் ஒரே டெல்லியில் இருந்துகொண்டு தபாலில் சண்டை போடுகிறேன்.

இந்தப் பையில் நீ கொண்டுவந்த சீர் இருக்கிறது. பட்டுப்பாவாடை, கொலுசு, வளையல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தோடு மட்டும் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று குழந்தை காதில் இருக்கிறது, புண் ஆறாமல் கழற்ற முடியாது.

ஷ்ரேயா எப்படிப் பிறந்த குழந்தை என்று உனக்குத் தெரியாதா? எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில், எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தேன்! அவளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, உன் மடியில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருவன்தான். தாய்மாமன் மடி என்றால் உன் மடிதான். பத்தர் இடது காதைக் குத்தி முடித்தார். வலது காதுக்கு வரும்போது அவள் திமிறினாள். எந்தக் குழந்தைதான் திமிறாது? நீ கையை அவள் மேல் சும்மா வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். வழுக்கித் தலைகுப்புறக் கோயில் கல்தரையில் விழுந்தாள். நான் உன் மேல் பாய்ந்தபோதுதான் அந்த நாற்றம் அடித்தது. அப்பா மேலே அடிக்குமே, அதே நாற்றம். உன் பேன்ட் பையிலிருந்து என் வீட்டுக்காரர் அந்தச் சின்ன பாட்டிலை உருவினார். அவருடைய ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அத்தனை பேர் எதிரில் உன்னை அறைந்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே? "இல்லக்கா" என்று ஒரு வார்த்தை? தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடப் போனாய். உனக்கு வேலை கொடுக்கிற வேலு மேஸ்திரி, உன் மாமாவின் ஊர்க்காரர், எனக்குச் சமாதானம் சொல்கிறார்: "லேபர்னா அப்டித்தாம்மா, வுடு." என் தம்பியைப் பற்றி என்னிடமே!

இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போக முடியவில்லை. "தூஸ்ரா கான்?" இன்னொரு காது எங்கே என்று காய்கறிக்காரன் வரைக்கும் கேட்கிறான்.

பதில் எழுதாதே.

பூங்கோதை

*

நரேலா,
12.2.2026

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஷ்ரேயாவின் நெற்றி வீக்கம் வடிந்ததா என்று ஒரு வரி எழுது. அது போதும். அன்று நடந்ததற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீ அடித்தது சரிதான். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு.

கொலுசையும் பாவாடையையும் கோவிந்தம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். ஒற்றைத் தோட்டை மட்டும் என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

வேலை நன்றாக நடக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று நினைத்துக்கொள்.

ஜம்பு

*

லக்ஷ்மிபாய் நகர்,
18.2.2026

ஜம்பு,

நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். பேனா சரியில்லையா? யாரிடம் கதை விடுகிறாய்? நாம் வளர்ந்த குடிசைக் கேம்ப்பில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக் கவர் மேல் பேர் எழுத உன்னைத்தானே கூப்பிடுவார்கள். என் கல்யாணத்துக்கு எல்லாக் கவரும் நீ எழுதியதுதான். இது அச்சடித்ததா, கையால் எழுதியதா என்று என் மாமியார் வாயைப் பிளந்தார்கள். அந்தக் கையா இது? நீ "அக்கா" என்று எழுதியிருப்பதை நான் முதலில் "சுக்கா" என்று படித்தேன். காலங்கார்த்தாலே ஊற்றிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தாயா?

அப்பா விழுந்து கிடக்கிற இடத்திலிருந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்து நாம்தானே இழுத்துக்கொண்டு வருவோம். அவருடைய வேட்டியைச் சரிசெய்தபடி நீ அழுதுகொண்டே வருவாய். "நான் தொடவே மாட்டேங்க்கா" என்று நீ சொன்னதை நான் சாமி வாக்கு மாதிரி நம்பினேன். என் புகுந்த வீட்டில் யாராவது நம் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "என் தம்பி அப்படியில்லை" என்று சொல்லித்தான் தலை நிமிர்ந்திருந்தேன். இனி என்ன சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இன்னொரு காதைக் குத்தப் போகிறோம். இவர் ஆபீஸில் ஸ்ரீநிவாஸ் என்று ஒருவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். அவர் மடியில் உட்கார வைத்தால் போதும் என்கிறார் இவர். கூடப் பிறந்த தம்பி இருக்கும்போது, கூப்பிடுகிற தம்பி மடியில் வைக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. ஒரு காதில் ஒருவன், இன்னொரு காதில் இன்னொருவன். என்ன கண்றாவி இது!

இவரிடம் கெஞ்சி ஒரு வழி வாங்கியிருக்கிறேன். நீ குடியை விட்டுவிட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்து எழுது. எழுதினால் உன் மடிதான்.

பூங்கோதை

*

நரேலா,
26.2.2026

அக்கா,

அம்மா மேல் சத்தியம். என் வாயில் இனி ஒரு சொட்டும் படாது.

என்னை மறுபடி கூப்பிட்டாய், அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோவிந்தம்மா பாவாடையை மறுபடி மடித்து வைத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மடியில் நான் வைத்துக்கொள்கிறேன். குத்தும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்வதை மட்டும் வேறு யாராவது செய்ய முடியுமா? முடியாது என்றால் ஸ்ரீநிவாஸ் மடியிலேயே வைத்துவிடு. நான் தூரத்தில் நின்று பார்க்கிறேன், வருத்தப்பட மாட்டேன்.

ஜம்பு

*

லக்ஷ்மிபாய் நகர்,
4.3.2026

ஜம்பு,

மடியில் வைத்துக்கொள்வாயாம், பிடிக்க மட்டும் மாட்டாயாம். என்னடா பேச்சு இது?

உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தபால் வருகிற நேரம் அவர் ஆபீஸில் இருப்பார், நான் தனியாகத்தான் பார்த்தேன். அப்பா குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும், பேனா காகிதத்தில் படவே படாது. உன் எழுத்து அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி எழுதியிருக்கிறாய். இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. பேனா கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவன் அழுத்துகிற மாதிரி இருக்கிறது.

அன்று கோயிலில் நீ கையை அவள் மேல் வைத்திருந்தாய். இப்போது யோசித்தால், விரல் ஒன்றும் மடங்கவில்லை.

உன் கைக்கு என்ன? பொய் எழுதினால் நேரே நரேலாவுக்கு வந்து உன் வாசலில் உட்காருவேன். அச்சா?

அக்கா

*

நரேலா,
12.3.2026

அக்கா,

கோவிந்தம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. வேறு ஆளைக் கூப்பிட்டால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். அதனால் நானேதான் எழுதுகிறேன். பழைய சைக்கிள் ஹேண்டில் ரப்பரைப் பேனாவில் மாட்டியிருக்கிறேன், தடியாக இருந்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று.

நான் குடிக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை. அம்மா மேல் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை.

என் கை செத்துப்போய்விட்டது.

பழைய குவார்ட்டர்ஸை இடிக்கிற வேலை எங்களுக்கு. காங்கிரீட்டை உடைக்கிற பிரேக்கர் மெஷினை நான்தான் பிடிக்கிறேன். டிசம்பரில் புகை கூடிப்போனது என்று சர்க்கார் வேலையை நிறுத்தியது. தடையை எடுத்ததும், விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து எங்களிடம் வாங்கினார்கள். இருட்டில் மெஷினைப் பிடித்தால் மறுபடி இருட்டின பிறகுதான் கீழே வைப்போம். மெஷினை அணைத்தாலும் கைக்குள்ளே அது ஓடிக்கொண்டே இருக்கும். படுத்தால் தோள் வரைக்கும் துடிக்கும். குளிர் பட்டால் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், கிள்ளினாலும் தெரியாது. ஒரு நாள் தோசைக்கல்லில் கை வைத்திருந்திருக்கிறேன், கோவிந்தம்மா கத்தின பிறகுதான் பார்த்தேன். ரத்தம் திரும்பி ஓடும்போது வருகிற வலி இருக்கிறதே, அதற்கு நான் அழுதுவிடுவேன்.

சட்டைப் பொத்தானைக் கோவிந்தம்மாதான் போட்டுவிடுகிறாள். பேன்ட் கொக்கியும் அவள்தான். இதை எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒரு நாள் சைட்டில் ஒன்றுக்குப் போக ஒதுங்கினேன். ஜிப்பை இழுக்க வரவில்லை. இரண்டு கையாலும் பார்த்தேன், வரவில்லை. பேன்ட்டிலேயே போய்விட்டது. யாருக்கும் தெரியக்கூடாது என்று தண்ணீர்க் குழாயை எடுத்து உடம்பு முழுக்க நனைத்துக்கொண்டேன். ஜனவரிக் குளிரில் குளிக்கிறான் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காது குத்துக்கு லீவு கேட்டேன். அதற்குப் பதில் முந்தின ராத்திரி முழுக்க மெஷின் பிடிக்கச் சொன்னார் மேஸ்திரி. காலையில் பஸ்ஸில் வரும்போதே விரல் வெளுத்துவிட்டது. கோயில் பின்னால் வெந்நீர் கேட்டேன், இல்லை என்றார்கள். சைட்டில் பிகார்க்காரர்கள், "ஹாத் பே தாரு மல் லே, பையா, கரம் ஹோ ஜாயேகா" என்று சொல்வார்கள். கையில் சாராயத்தைத் தேய்த்தால் சூடு வருமாம். அதற்காக வாங்கி வைத்திருந்த பாட்டில்தான் அது. மூடியைத் திருக வரவில்லை, பல்லால் கடித்துத் திறந்தேன், பாதி சட்டையில் கொட்டிவிட்டது. மீதியை ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். ஷ்ரேயாவை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே என்றுதான் தேய்த்தேன், அக்கா. அவள் வழுக்கியது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

நீ அறைந்தபோது வாய் வரைக்கும் வந்தது. உனக்குப் பின்னால் வேலு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். குடித்தவனை அவர் மறுநாள் வேலைக்கு எடுப்பார், சைட்டில் பாதிப் பேர் குடிக்கிறவர்கள்தான். கை போனவனை எடுக்க மாட்டார். எனக்கு முன்னால் மெஷின் பிடித்த முத்துவை அப்படித்தான் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஷினை விடு என்றார். விட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வேலைக்காக மட்டும்தான் பேசாமல் இருந்தேன் என்றால் அதுவும் பொய். இந்த வயசில் பொத்தான் போடத் தெரியாதவன் என்று அத்தனை பேர் முன்னால் நிற்பதைவிட, குடிகாரன் என்று போய்விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்பா பேரைத்தானே வாங்கினேன், நம் வீட்டுக்குப் புதுப் பேர் இல்லையே.

இதை யாரிடமும் சொல்லாதே. மாமாவிடம்கூட வேண்டாம், அவர் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார். குடித்தான், திருந்திவிட்டான் என்றே சொல்லு. மடி என்னுடையதாக இருக்கட்டும். பிடிப்பது நீ.

ஜம்பு

*

லக்ஷ்மிபாய் நகர்,
24.3.2026

தம்பி ஜம்புவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை காது குத்தின்போது உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை, சுற்றி ஆட்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

உன் கை மேல் என் கையை வைத்துக் குழந்தையை அழுத்திக்கொண்டேனே, அப்போது பின்னால் யாரோ, "குடிகாரத் தம்பிய நம்ப மாட்டேங்கறா பாரு" என்று சொன்னார்கள். உனக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேட்டதெல்லாம் உன் கைதான். அது சும்மா வைத்திருக்கும்போதே உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. சுருக்கென்று பத்தர் குத்தினார், அவள் வீரிட்டாள், நீ பையிலிருந்து அந்த ஒற்றைத் தோட்டை எடுக்க முடியாமல் தடவினாய். நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

பந்தியில் உட்காராமல் போய்விட்டாய். ஏன் போனாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சாதத்தைப் பிசைய வேண்டுமே.

நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. வேலு மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "தம்பி திருந்திட்டான் போலருக்கே?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

"நல்ல வேலக்காரன்மா. அவன மாதிரி மெஷினப் புடிக்க ஆள் கெடையாது. புது சைட்டு ஆரம்பிக்குது, ஓவர்டைம் நெறய இருக்கு. ஒனக்காவ அவனுக்கே குடுக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

அன்று உன்னை அறைந்தேனே, அது இதற்கு எவ்வளவோ தேவலாம். அறைந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு, நானே உன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த மெஷினில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஜம்பு. ஷ்ரேயா இரண்டு காதிலும் தோட்டோடு ஓடிவருகிறாள், அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் வேறு, "ஒன் தம்பிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்தேன் பாத்தியா" என்று இரண்டு நாளாகப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

நீ சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு என்னால் இப்படிச் சிரிக்க முடியும் என்று நீயே சொல்லு.

அக்கா

*

நரேலா,
1.4.2026

அக்கா,

சின்னக் கடிதம்தான் இது, கை ரொம்ப மோசமாக இருக்கிறது.

நேற்றுப் பகல் சாப்பாட்டு நேரத்தில் வேலு மேஸ்திரியிடம் போனேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுங்கள் என்றேன். "இன்னாடா, மறுபடி ஊத்திக்கினியா?" என்று சிரித்துக்கொண்டே கழற்றினார். "இப்ப நான் போடறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போட ஆரம்பித்தேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டார். போன வருஷக் குளிரிலிருந்து என்றேன். "மொதல்லயே சொல்லக்கூடாதாடா?" என்றார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் வாங்கிக்கொண்டார். போகும்போது கூப்பிட்டு, என் சட்டைப் பொத்தானை அவரே போட்டுவிட்டார்.

என் மெஷினை ஒரு பிகார்ப் பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் வெளியே வரும்போது அவன் தன் கையை விரிப்பதும் மூடுவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. கோவிந்தம்மா கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் எழுந்து கோஸ் நறுக்கினாள். எனக்கு வெட்கம் போகவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தப் பொத்தானோடு மல்லுக்கட்டியபோது, துணியில்லாமல் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் நீ இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினதைப் படித்த பிறகு என்னால் அந்த மெஷினைத் தூக்க முடியவில்லை.

இனி நீ மறைக்க ஒன்றுமில்லை. மாமாவிடம் சொல்லு. மங்களம் மாமிக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே சொல்லு. உன் தம்பி குடிக்கவில்லை.

ஜம்பு